டிசம்பர் வரை தாங்குமா நெப்ராஸ்கா?

(வாசகர் கேள்வி பதில், 2024 அக்டோபர்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அணியைப் பற்றித்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணி. அமெரிக்கக் கல்லூரி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் தேசியக் கோப்பைப் போட்டியோடு முடியும், இப்போது சரியாக நடுவில் நிற்கிறோம். ஆகவே மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கே இடம் தருகிறேன்.

கேள்வி (நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனில் இருந்து ஒரு வாசகர்): சார், இதுவரை ஒரே ஒரு தோல்வி. தரவரிசையில் மேலேயே இருக்கிறோம். இந்த வருடம் கோப்பை நிச்சயம் என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: கோப்பையை வெல்லக்கூடிய அணி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிச்சயம் என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். காரணம் போன வருடம்.

போன வருடமும் இதே அக்டோபரில் இப்படித்தான் பேசினோம், ஞாபகம் இருக்கிறதா? 2023 சீசனைத் தொடர்ந்து 27 வெற்றிகளோடு தொடங்கினார்கள். நவம்பர் கடைசியில் விஸ்கான்சின் நேர் செட்டில் நிறுத்தியது. அதிலிருந்து எழுந்து இறுதிப் போட்டி வரை போனார்கள், அரையிறுதியில் பிட்ஸ்பர்க்கை நேர் செட்டில் வீழ்த்தினார்கள். அப்புறம் டாம்பாவில், டிசம்பர் 17 அன்று, டெக்சாஸிடம் 25-22, 25-14, 25-11. அந்தக் கடைசி இரண்டு செட்களை நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், பார்க்க மனசு வரவில்லை. டெக்சாஸ் அன்று எடுத்த ஏஸ் மட்டும் 12. மூன்றே செட்டில் 12 என்றால், சர்வீஸிலேயே நேராக முடிந்த புள்ளிகள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருகின்றன. ஆட்டம் தொடர்ந்தாலும் சரியாக வராத பாஸ்கள் கணக்கில் சேராது. முதல் பாஸ் உடைந்தால் செட்டர் (அடிக்கிறவருக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவர்) ஓட வேண்டும், செட்டர் ஓடினால் நடுவில் குதிக்கும் பிளேயருக்குப் பந்து போகாது, எல்லாப் பந்தும் இடது ஓரத்துக்கு உயரமாகப் போகும், அங்கே எதிரணியின் இரண்டு பேரோ மூன்று பேரோ பிளாக்குக்குக் காத்திருப்பார்கள். அன்று நடந்தது அதுதான்.

இந்த வருட அணியை நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த ஒரு கண்ணோடுதான் பார்க்கிறேன். அடிக்கிறவர்கள் யார், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் நெப்ராஸ்காவுக்கு எப்போதுமே குறை இல்லாத விஷயம். எதிரணியில் ஒருத்தி வந்து ஐந்து சர்வீஸ் தொடர்ந்து மிதக்கவிட்டுப் போடும்போது இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் டிசம்பரைத் தீர்மானிக்கும்.

இப்போது பலத்தைச் சொல்கிறேன். போன வருடம் முதலாண்டு மாணவிகளாக இருந்து அணியையே தூக்கிச் சுமந்த பெண்கள் இப்போது இரண்டாமாண்டு. செட்டர் பெர்கன் ரைலி, இடது ஓரத்தில் ஹார்ப்பர் மரே, நடுவில் ஆண்டி ஜாக்சன், பின்வரிசையில் லேனி சோபாய். இவர்களுக்கு ஒரு முழு சீசனும் ஒரு இறுதிப் போட்டித் தோல்வியும் அனுபவமாகக் கூடியிருக்கிறது. கூடவே லெக்ஸி ரோட்ரிகஸ் என்ற லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு வீராங்கனை), கடைசி வருடம். வலது ஓரத்தில் மெரிட் பீசன், அவருக்கும் கடைசி வருடம். மினசோட்டாவிலிருந்து மாறி வந்த டெய்லர் லேண்ட்ஃபேர், 2022ல் நெப்ராஸ்காவும் ஆடும் பிக் டென் பிரிவின் சிறந்த வீராங்கனை. நடுவில் ஜாக்சனுக்கு ஜோடியாக ரெபெக்கா ஆலிக், உள்ளூர்ப் பெண். ஆக, அனுபவமும் இளமையும் ஒரே கோர்ட்டில் இருக்கிறது. இப்படி ஒரு கலவை ஒரு பயிற்சியாளருக்கு அடிக்கடி கிடைக்காது.

பயிற்சியாளர் ஜான் குக்குக்கு இது நெப்ராஸ்காவில் 25வது சீசன். 2000, 2006, 2015, 2017 என நான்கு கோப்பைகள் அவர் காலத்தில் வந்தவை. அதற்கு முன் 1995ல் டெரி பெட்டிட் காலத்தில் ஒன்று. மொத்தம் ஐந்து. ஆனால் 2017க்குப் பிறகு 2018ல் ஸ்டான்ஃபோர்டிடம் ஐந்து செட், 2021ல் விஸ்கான்சினிடம் ஐந்து செட், 2023ல் டெக்சாஸிடம் நேர் செட் என மூன்று இறுதிப் போட்டிகளைத் தோற்றிருக்கிறார்கள். லிங்கன்காரர்கள் டிசம்பரை நினைத்து ஏன் கலங்குகிறார்கள் என்பது இதைப் பார்த்தால் புரியும்.

கேள்வி (டல்லாஸ் வாசகர்): செப்டம்பர் 3 அன்று எங்கள் ஊரில் எஸ்.எம்.யூ. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) நெப்ராஸ்காவை 3-0 என்று வீழ்த்தியதை நேரில் பார்த்தேன். அந்த ஒரு ஆட்டத்தை வைத்து இந்த அணி அவ்வளவு பெரிய அணி இல்லை என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. நேரில் பார்த்த ஆட்டம் மனதில் பெரிதாகத்தான் நிற்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் அது சீசன் தொடங்கிய இரண்டாவது வாரம், வெளியூர் ஆட்டம், எஸ்.எம்.யூ. நல்ல அணி. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர்கள் லூயிவில் ஊருக்கே போய் லூயிவில்லை வென்றார்கள். ஒரு கெட்ட இரவுக்குப் பிறகு அணி எப்படித் திரும்பியது என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் நின்று சொல்கிறேன். அன்று ஒரு செட்டைக்கூட எடுக்க முடியவில்லை. ஒரு பெரிய அணி மோசமாக ஆடும் நாளிலும் எங்கிருந்தாவது ஒரு செட்டைப் பிடுங்கும். மாற்று ஆட்களை இறக்கியோ சர்வீஸை மாற்றியோ ஆட்டத்தின் போக்கைத் திருப்பும். அன்று அது நடக்கவில்லை. குக் அதை மறந்திருக்க மாட்டார் என்றுதான் நம்புகிறேன்.

கேள்வி (ஒமாஹாவிலிருந்து ஒரு தாய்): என் மகள் ஒன்பதாம் வகுப்பு, கிளப்பில் செட்டர். ரைலியைப் பார்த்துப் பார்த்து அவளைப் போலவே கையை வைத்துக்கொள்கிறாள். ரைலியிடம் அப்படி என்ன தனிச்சிறப்பு? அப்புறம் இந்த வருடம் செட்டருக்கு டபுள் டச் ஃபவுலே கிடையாது என்கிறாளே, நிஜமா?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது, ஏனென்றால் கல்லூரியில் நானும் அதே இடத்தில்தான் ஆடினேன். நம் ஊர் மைதானங்களில் லிஃப்டர் என்போம்.

டிவியில் பார்க்கும்போது எல்லோர் கண்ணும் பந்தின் பின்னாலேயே போய்விடும். அடுத்த ஆட்டத்தில் மகளை ஒரு செட் முழுக்க ரைலியின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எதிரணி சர்வீஸ் போட்டதும் அவர் வலைக்கு அருகே தன் இடத்துக்கு வந்துவிடுகிறார், பாஸ் உயர்ந்து வரும்போதே அது எங்கே இறங்கும் என்று கணித்து அங்கே போய் நின்றுவிடுகிறார், ஓடிக்கொண்டே பந்தைத் தொடுவது அபூர்வம். நின்று தொடுகிறவரின் தோளைப் பார்த்து பந்து முன்னால் போகுமா பின்னால் போகுமா என்று கண்டுபிடிக்க முடியாது. பந்து நெற்றிக்கு மேல் வரும் வரை அவர் உடம்பு ஒரே மாதிரிதான் இருக்கும். எதிரணியின் நடு பிளாக்கர் அரை விநாடி யோசித்துவிட்டால் போதும், ஜாக்சன் அதற்குள் குதித்து முடித்திருப்பார். உயரம் 6 அடி 1 அங்குலம் என்பதால் வலையை ஒட்டி வரும் பந்தையும் ஒற்றைக் கையால் எடுத்துவிடுவார்.

இன்னொரு குணம், பாஸ் சரியில்லாதபோதும் நடுவில் பந்து கொடுக்கத் துணிகிறார். பாஸ் வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வந்தால் பெரும்பாலான கல்லூரி செட்டர்கள் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிவிட்டுக் கும்பிடுவார்கள். ரைலி அந்த இடத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளுவார். சில நேரம் தப்பும். ஆனால் அந்தத் துணிச்சல் இருப்பதாலேயே எதிரணி நடு பிளாக்கரால் ஓரத்துக்கு முன்கூட்டி ஓட முடிவதில்லை, அதன் பலன் மரேவுக்கும் பீசனுக்கும் போகிறது. மகளிடம் இதைச் சொல்லுங்கள், கை வைக்கும் விதத்தைவிட இது முக்கியம்.

டபுள் டச் விஷயம் நிஜம்தான். இந்த 2024 சீசனிலிருந்து பெண்கள் கல்லூரி ஆட்டத்தில், இரண்டாவது தொடுதலில் பந்து ஒரே முயற்சியில் இரண்டு கையிலும் முன்பின் பட்டாலும் ஃபவுல் இல்லை, பந்து தன் அணிக்காரரிடமே போகும் பட்சத்தில். அதே பந்து வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டால் இன்னும் ஃபவுல்தான். இது கல்லூரி விதி. உங்கள் மகள் ஆடும் கிளப்பிலும் பள்ளியிலும் என்ன விதி என்பதை அவர்கள் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் சுத்தமாகத் தொடப் பழகட்டும். சுழன்று போகும் பந்தை அடிப்பது அடிக்கிறவளுக்குத்தான் கஷ்டம்.

இந்த விதி நெப்ராஸ்காவுக்கு லாபமா என்று இன்னொருவரும் எழுதியிருந்தார். கொஞ்சம் நஷ்டம் என்றே நினைக்கிறேன். ரைலி போன்ற கை உள்ளவருக்கு விதி தளர்ந்து கிடைக்கப்போவது குறைவு, சுமாரான செட்டர் வைத்திருக்கும் அணிகளுக்குத்தான் தைரியம் வரும்.

கேள்வி (கோவையிலிருந்து வந்து லிங்கனில் மேற்படிப்பு படிக்கும் மாணவி): அண்ணா, ஊரில் நான் பல்கலைக்கழக அணியில் ஆடியவள். இங்கே லிபரோ சர்வீஸ் போடுகிறார்! மாற்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

பதில்: எனக்கும் முதல் வருடம் சுற்றியது தங்கச்சி. நீங்கள் ஆடியது சர்வதேச விதி. அதில் ஒரு செட்டுக்கு 6 மாற்று, லிபரோ சர்வீஸ் போடக் கூடாது. இங்கே ஒரு செட்டுக்கு 15 மாற்று, லிபரோ ஒரு சுற்று நிலையில் (ஆட்கள் இடம் மாறிச் சுற்றும் ஆறு நிலைகளில் ஒன்றில்) சர்வீஸ் போடலாம். இந்த வருடம் முதல் ஓர் அணி இரண்டு லிபரோக்களைக்கூடக் குறித்துக் கொடுக்கலாம், கோர்ட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

இதனால் ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. முன்வரிசையில் மட்டும் அடிக்கும் பெண், பின்வரிசைக்குச் சுற்றியதும் வெளியே வந்துவிடலாம், பதிலாகப் பாஸ் எடுப்பதில் தேர்ந்த ஒருத்தி உள்ளே போவாள். சோபாய் போன்ற உயரம் குறைந்த, காலில் ஸ்பிரிங் வைத்ததுபோல் ஆடும் பெண்களுக்கு இந்த விதி ஒரு வாசல். சர்வதேச விதியில் அவர்களுக்கு லிபரோ தவிர வேறு இடம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி (சிகாகோ வாசகர்): புள்ளிவிவரத்தில் 'ஹிட்டிங் பர்சன்டேஜ்' என்று போடுகிறார்கள். 0.300 என்றால் நல்லதா கெட்டதா? எந்த எண்ணைப் பார்த்து ஒரு அணியை மதிப்பிடுவது?

பதில்: கணக்கு எளிது. அடித்துப் பெற்ற புள்ளிகளிலிருந்து அடித்துத் தொலைத்த புள்ளிகளைக் கழித்து, மொத்த அடிகளால் வகுக்க வேண்டும். ஒரு பெண் 40 முறை அடித்து, 18 புள்ளி எடுத்து, 6 முறை வெளியே அடித்தோ பிளாக் ஆகியோ தொலைத்தால், 12ஐ 40ஆல் வகுத்து 0.300. ஓரத்தில் அடிக்கிறவருக்கு அது நல்ல நாள். நடுவில் அடிக்கிறவருக்கு அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கலாம், ஏனென்றால் பாஸ் நன்றாக வந்தால்தான் அவருக்குப் பந்தே போகும். இதை மறந்துவிட்டு ஜாக்சனின் எண்ணையும் மரேயின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒருவர் மேல் ஒருவர் கீழ் என்று பேசுவது அநியாயம். பாஸ் உடைந்து, செட் தள்ளாடி, எதிரே மூன்று பேர் பிளாக் கட்டி நிற்கும்போது வரும் பந்தை அடிப்பது மரேதான். அந்தப் பந்தை வெளியே போகாமல், பிளாக்கர் கையில் பட்டுத் தெறிக்கவிட்டு ஆட்டத்தை உயிரோடு வைத்தால் புள்ளிவிவரத்தில் அவருக்கு எதுவும் ஏறாது. அணிக்கு அது பெரிய வரவு.

என்னைக் கேட்டால், நீங்கள் அச்சில் வரும் எண்ணைவிட நீங்களே எழுதும் எண்ணை நம்புங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். எதிரணி சர்வீஸ் போடும் ஒவ்வொரு முறையும் இவர்கள் எடுக்கும் பாஸுக்கு மதிப்பெண் போடுங்கள். செட்டர் நின்ற இடத்திலிருந்து மூன்று பக்கமும் கொடுக்க முடிகிற மாதிரி வந்தால் 3. ஒரு பக்கம் அடைபட்டால் 2. ஓடிப்போய் உயரமாகத் தூக்கத்தான் முடியும் என்றால் 1. ஏஸ் என்றால் 0. பயிற்சியாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் முறைதான் இது. இரண்டு செட் எழுதினால் போதும், யாரைக் குறிவைத்து எதிரணி சர்வீஸ் போடுகிறது, யார் தாங்குகிறார், யார் ஒரு தப்புக்குப் பிறகு இன்னொன்றும் விடுகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதோடு, பாஸ் 1 வந்தபோதும் அந்தப் புள்ளியை நெப்ராஸ்கா எடுத்ததா என்று பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். எதிரணி சர்வீஸில் பத்துக்கு ஆறு முறைக்கு மேல் புள்ளியை எடுக்கும் அணி நல்ல அணி. கெட்ட பாஸிலிருந்தும் எடுக்கத் தெரிந்த அணிதான் டிசம்பரில் மிஞ்சும்.

நான் நெப்ராஸ்காவின் சொந்த அரங்கான டெவானியில் ஒரு ஆட்டத்துக்கு இப்படி நோட்டோடு போனேன். எழுதிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்திவிட்டு ரோட்ரிகஸை மட்டுமே பார்க்கத் தொடங்கிவிட்டேன். எதிரணிப் பெண் பந்தை மேலே எறிவதற்கு முன் அவர் இடது பக்கம் பாதி அடி நகர்கிறார். பக்கத்தில் நிற்கும் ஓர அட்டாக்கருக்கு அதனால் காக்க வேண்டிய இடம் சுருங்குகிறது. பந்து இருவருக்கும் நடுவில் வந்தால் கேள்வியே இல்லாமல் அது ரோட்ரிகஸுடையது, அட்டாக்கர் பாஸைப் பற்றிக் கவலைப்படாமல் அடிக்க ஓடத் தொடங்கிவிடலாம். அந்தப் பாதி அடிக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் இல்லை. அடுத்த வருடம் அவர் இல்லாமல் இந்த அணி எப்படி நிற்கப்போகிறது என்ற கவலை எனக்கு அன்றே தொடங்கிவிட்டது.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): எப்போதும் நெப்ராஸ்கா புராணம்தானா? பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டீர்களா? ஏழு கோப்பை எங்களிடம்!

பதில்: மறக்கவில்லை. 1999ல் தொடங்கி, 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு, அப்புறம் 2013, 2014. நடுவே 109 ஆட்டங்கள் தொடர் வெற்றி. அந்தச் சாதனையைப் பக்கத்தில் போய்த் தொடக்கூட யாராலும் முடியவில்லை. நெப்ராஸ்காவைவிடக் கோப்பைக் கணக்கில் நீங்கள் மேலே, ஸ்டான்ஃபோர்டின் ஒன்பது மட்டும்தான் உங்களுக்கு மேலே.

இந்த வருடம் உங்கள் அணியை நான் உண்மையாகவே பயத்தோடு பார்க்கிறேன். இடது ஓரத்தில் ஜெஸ் மிருசிக் இருக்கிறார். எந்தக் கெட்ட பந்தையும் அடித்துப் புள்ளியாக்கும் அனுபவசாலி. பயிற்சியாளர் கேட்டி ஷூமாக்கர்-காலி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை நடத்துகிறார். 1999ல் பென் ஸ்டேட் முதல் கோப்பை வென்றபோது அந்த அணியில் ஆடியவர் அவர். அவர் நலம் பெற வேண்டும் என்று நெப்ராஸ்கா ரசிகர்களும் மனதார வேண்டுகிறார்கள். இந்தத் தேசியக் கோப்பைப் போட்டியில் 2023 வரை எந்தப் பெண் தலைமைப் பயிற்சியாளரும் கோப்பை வென்றதில்லை, 1981 முதல் நடக்கும் போட்டி. அந்தக் குறை ஒரு நாள் தீரத்தான் வேண்டும், சீக்கிரம் தீர வேண்டும் என்பது என் ஆசை.

நவம்பர் 29 அன்று இரண்டு அணிகளும் மோதுகின்றன. நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். நெப்ராஸ்காவைப் பற்றிய என் சந்தேகங்களுக்கு அன்று பதில் கிடைத்துவிடும்.

கேள்வி (ஹூஸ்டன் வாசகி): பிக் டென் பிரிவில் இப்போது 18 அணிகள். பயணக் களைப்பு இவர்களைப் பாதிக்காதா?

பதில்: பாதிக்கும். இந்த வருடம் யூ.சி.எல்.ஏ., யூ.எஸ்.சி., ஓரிகன், வாஷிங்டன் நான்கும் உள்ளே வந்துவிட்டன, அதனால் பசிபிக் கரை வரை பறக்க வேண்டும். பிரிவுக்குள் மட்டும் 20 ஆட்டம். இவர்கள் மாணவிகள், விமானத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவர்கள். ஆனால் நெப்ராஸ்காவுக்கு மாற்று ஆட்களின் பலம் அதிகம். ஒருவர் சோர்ந்தால் இன்னொருவரை இறக்க முடியும். மரேவுக்கும் லேண்ட்ஃபேருக்கும் நடுவில் சுமையைப் பிரித்துக் கொடுத்தாலே நவம்பரில் தோள்கள் புதிதாக இருக்கும். குக் இதில் இன்னும் தாராளமாக இருக்கலாம் என்பது என் கருத்து. இரண்டு செட் கையில் இருக்கும்போது மூன்றாவதில் மாற்று ஆட்களை முழுதாக இறக்கிப் பழக்க வேண்டும்.

கேள்வி (சென்னையில் இருந்து ஒரு வாசகர், மகனைப் பார்க்க வந்து லிங்கனில் மூன்று மாதம் தங்கியவர்): ஒரு கல்லூரிப் பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லை! இது என்ன ஊர்?

பதில்: ஐயா, நீங்கள் வியந்ததில் வியப்பே இல்லை. டெவானியில் எட்டாயிரத்துக்கு மேல் இருக்கைகள், அத்தனையும் நிறையும். 2001 முதல் சொந்த ஊர் சீசன் ஆட்டம் ஒன்றுகூட டிக்கெட் மிச்சம் வைத்ததில்லை, இடையில் பழைய அரங்கிலிருந்து புது அரங்குக்கு மாறியும் அது நிற்கவில்லை. போன வருடம் ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவில் கோர்ட் போட்டு ஒமாஹா பல்கலைக்கழகத்தோடு ஆடினார்கள். வந்தவர்கள் 92,003 பேர். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே 20 லட்சத்தை ஒட்டித்தான்.

காரணம் கேட்டால் நான் சொல்வது இதுதான். அமெரிக்கக் கால்பந்திலோ கூடைப்பந்திலோ பெரிய தொழில்முறை அணி எதுவும் இந்த மாநிலத்தில் இல்லை, கல்லூரி அணிதான் மாநில அணி. சின்ன ஊர்ப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் எல்லோரும் வாலிபால் ஆடுகிறார்கள், பாட்டி ஆடியிருப்பார், அம்மா ஆடியிருப்பார், அதனால் பாஸ் நல்லதா கெட்டதா என்று கூட்டத்துக்கே தெரியும். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் ஆடிய ஜோர்டான் லார்சன் இதே மாநிலத்தின் ஹூப்பர் என்ற குட்டி ஊர்க்காரர், இதே கல்லூரியில் ஆடியவர். இந்த வருடம் தொடங்கிய தொழில்முறை லீக்கில் முதல் கோப்பையை ஒமாஹா சூப்பர்நோவாஸ் வென்றதும் இந்த மண்ணின் தொடர்ச்சிதான். கிராமத்துத் திருவிழாவில் விளக்குக் கம்பம் நட்டு ராத்திரி முழுக்க நடக்கும் நம் ஊர் வாலிபால் டோர்னமென்ட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த அரங்குக்குள் நுழைந்ததும் பழகிய இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

கேள்வி (மினியாபோலிஸ் தந்தை): மகள் 5 அடி 4 அங்குலம். இனி வளர வாய்ப்பில்லை என்கிறார் டாக்டர். கல்லூரி அணிக்கு முயற்சி செய்யலாமா?

பதில்: தாராளமாக. ரோட்ரிகஸ் 5 அடி 5 அங்குலம். வலை உயரம் 2.24 மீட்டர் என்பது முன்வரிசையில் நிற்பவருக்கு மட்டும்தான் பிரச்சினை. பாஸ் எடுக்கவும், விழும் பந்தைத் தரைக்கு முன் எடுக்கவும் பழகட்டும், சர்வீஸில் பந்து சுழலாமல் மிதந்து போகப் பழகட்டும். உதவித்தொகை பற்றி ஒரு நடைமுறை விஷயம்: கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் இந்த 2024 சீசனில் ஓர் அணிக்கு முழு உதவித்தொகை 12தான், அதில் லிபரோவுக்கும் பின்வரிசைக்கும் போவது குறைவு. ஆகவே இரண்டாம், மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளையும் மரியாதையோடு பட்டியலில் வையுங்கள். மூன்றாவதில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆனால் படிப்புக்கு உண்டு, ஆடவும் இடம் உண்டு.

கேள்வி (அட்லாண்டா வாசகர்): ஆண்கள் அணியைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

பதில்: ஜனவரியில் அவர்கள் சீசன் தொடங்கும்போது எழுதுகிறேன். யூ.சி.எல்.ஏ. தொடர்ந்து இரண்டு வருடம் வென்றிருக்கிறது, அதிலிருந்து தொடங்குவோம்.

கேள்வி (பல வாசகர்கள்): லூயிவில்லில் டிசம்பர் 19 அன்று அரையிறுதி. நெப்ராஸ்கா அங்கே இருக்குமா? யார் யார் வருவார்கள்? தயங்காமல் சொல்லுங்கள்.

பதில்: தயங்காமல் சொல்கிறேன். இருக்கும். கோப்பைக்கு மோதும் 64 அணிகளில் முதல் நான்கு இடத்துக்குள் தேர்வுக்குழு வைத்துவிட்டால் கடைசி நால்வரில் ஒன்றாக ஆகும் வரை டெவானியை விட்டு நகரவே வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்து இவர்களை வெல்ல ஐந்து செட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். எஸ்.எம்.யூ. தோல்வி அந்த நான்குக்குள் வருவதைக் கெடுக்காது, நவம்பரில் வரிசையாகத் தோற்காத வரை.

கூட வருபவர்களில் பிட்ஸ்பர்க்கை எழுதிக்கொள்ளுங்கள். சீசனைத் தோல்வியே இல்லாமல் தொடங்கியவர்கள், முந்தைய மூன்று வருடமும் அரையிறுதி வரை வந்து திரும்பியவர்கள், அந்தப் பசி பெரிது. வலது ஓரத்தில் ஒலிவியா பாப்காக் அடிப்பதையும், குதித்து சர்வீஸ் போடுவதையும் பாருங்கள். நெப்ராஸ்காவின் பாஸுக்கு உண்மையான சோதனை அந்த சர்வீஸ்தான். பென் ஸ்டேட் வரும். லூயிவில்லுக்குச் சொந்த ஊரில் நடக்கிறது, அவர்கள் வராவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கோப்பை? என் மனசு நெப்ராஸ்கா என்கிறது. ரோட்ரிகஸும் பீசனும் கையில் கோப்பையோடு கிளம்ப வேண்டும் என்று ஒரு ரசிகனாக ஆசைப்படுகிறேன். நோட்டைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரைலி முன்வரிசையில் இருக்கும் மூன்று சுற்று நிலைகளில் வலைக்கு முன்னால் அடிக்க இரண்டு பேர்தான், அப்போது பாஸும் நழுவினால் புள்ளிகள் வரிசையாகப் போகின்றன. அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து பீசனுக்கு இன்னும் அதிகமாகப் பந்து கொடுக்க வேண்டும். இப்போது கொடுப்பது போதாது. பெரிய அணிகள் அந்த மூன்று நிலைகளைத்தான் குறிவைத்து நல்ல சர்வீஸ்காரியை இறக்கும். நவம்பர் 29 அன்று நான் முதலில் பார்க்கப்போவதும் அதைத்தான். நீங்களும் நோட்டோடு உட்காருங்கள், எழுதியதை டிசம்பர் முதல் வாரத்துக்குள் எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்த்துப் பேசுவோம்.